சட்டியும் அகப்பையும்

கார் ஆடியோ கடைகளில் செட்டைப் போட்டுக் காட்டுவதற்கென்றே சில பாட்டுகள் உண்டு. அவற்றில் நிரந்தர முதலிடம் ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வுக்கு. 1976-ல் வந்த மூல இசைத்தட்டை அதற்கு யாரும் எடுப்பதில்லை. 1994-ல் ரசிகர்களை எதிரே உட்காரவைத்து வாசித்து, ‘ஹெல் ஃப்ரீசஸ் ஓவர்’ தொகுப்பில் வெளியிட்டார்களே, அந்த வடிவம்தான் வேண்டும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் போனாலும் அது காதில் விழும். முதலில் கித்தார் வரும். விரல் நரம்பில் பட்டு வழுக்குவதுகூடத் தெரியும். என்ன பாட்டு என்று பிடிபட்டதும் கூட்டம் ஆர்ப்பரிக்கும். அந்தச் சத்தம் முன்கண்ணாடியைத் தாண்டி, பானெட்டுக்கும் அப்பால் எங்கிருந்தோ வரும். பிறகு தோல் வாத்தியத்தின் கனமான அடி நெஞ்சில் வந்து இறங்கும். அந்த அடியிலேயே பாதி வியாபாரம் முடிந்துவிடும்.

வாடிக்கையாளர் அடுத்துச் செய்வதும் எல்லாக் கடையிலும் ஒன்றுதான். சட்டைப்பையிலிருந்து தன் பென் டிரைவை எடுத்துக் கொடுப்பார். வருடக்கணக்காக அங்கே இங்கே இறக்கிச் சேர்த்த ஆயிரம் பாட்டு அதில் இருக்கும். ஒன்றைத் தட்டினால், சற்றுமுன் விரிந்து நின்ற ஒலி சட்டென்று சுருங்கிவிடும். ‘ஸ’ வரும் இடமெல்லாம் காதைக் குத்தும். பாஸ் குமுறும், ஆனால் என்ன சுரம் என்று பிடிபடாது.

“என்ன தம்பி, இப்பத்தானே அப்படி இருந்துச்சு?”

“செட்டு அதேதான் சார். பாட்டு மாறிடுச்சு.”

கடைக்காரப் பையன் தப்பித்துக்கொள்ளச் சொன்ன பதில் என்று இதைத் தள்ளிவிடலாம். தள்ளாமல் அதன் கூடவே கொஞ்ச தூரம் போனால், அது கார் ஆடியோவை விட்டே வெளியே கொண்டுபோகிறது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நாம் அகப்பைக்கு லட்சம் லட்சமாகக் கொடுக்கிறோம். சட்டிக்குள் எட்டிப் பார்க்க நினைப்பதில்லை.

அந்த 1994 பதிவின் சட்டியைக் கொஞ்சம் பார்ப்போம். ஈகிள்ஸ் குழுவோடு சேர்ந்து அதைத் தயாரித்தவர்களில் ஒருவர் எலியட் ஷைனர். 1977-ல் வந்த ஸ்டீலி டேன் குழுவின் ‘ஏஷா’ தொகுப்பின் ஒலிப்பதிவுக்காக கிராமி விருது பெற்ற பொறியாளர்களில் ஒருவர். கார் ஆடியோ பற்றிய பேச்சில் அவர் வரக் காரணம், பின்னாளில் அவர் செய்த இன்னொரு வேலை. 2004 மாடல் அக்யூரா டி.எல். காருக்காக, பானசோனிக்கோடு சேர்ந்து ஓர் ஒலி அமைப்பை உருவாக்கினார். அவர் பெயரைச் சுருக்கி ஈ.எல்.எஸ். என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஸ்டூடியோவில் கலந்து முடித்தபோது பாட்டு எப்படிக் கேட்டதோ, அப்படியே காருக்குள்ளும் கேட்க வேண்டும் என்பது நோக்கம். சமைத்தவரே பரிமாறவும் வந்து நின்ற அபூர்வம் அது. அவர் ஸ்பீக்கரோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அந்தக் காரில் டிவிடி-ஆடியோ தட்டு போட வழி இருந்தது. சிடியைவிட விரிவான பதிவு உள்ளே நுழையக் கதவு வைக்காமல் ஸ்பீக்கரை மட்டும் உயர்த்திப் பயனில்லை என்பது, வாழ்நாள் முழுவதும் மைக்குக்குப் பக்கத்தில் நின்ற மனிதருக்குத் தெரிந்திருந்தது.

நியாயமாகப் பார்த்தால் கார், பாட்டுக் கேட்க லாயக்கில்லாத இடம். நம் ஊரில் ஓட்டுகிறவர் வலது ஓரத்தில் உட்காருகிறார். வலது ஸ்பீக்கர் முழங்காலுக்குப் பக்கத்தில். இடது ஸ்பீக்கர் எட்டத்தில். ஒரு மில்லி செகண்டில் ஒலி போகும் தூரம் 34 சென்டிமீட்டர்தான். இடது பக்கத்து ஒலி வந்து சேர்வதற்குள் காது வலது பக்கத்தை நம்பி முடிவுக்கு வந்துவிடும். நடுவில் நிற்க வேண்டிய பாடகர் வலது கதவோடு ஒட்டிக்கொள்வார். சுற்றிலும் உள்ள கண்ணாடி மேல்ஸ்தாயி ஒலியைத் திருப்பி அடிக்கும். சீட்டும் கார்பெட்டும் கொஞ்சத்தை விழுங்கும். 40 ஹெர்ட்ஸ் பாஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர்; காரே அவ்வளவு நீளம் கிடையாது. அலையாக ஓட இடமில்லாத அந்த ஒலி, மூடிய கூட்டுக்குள் அழுத்தமாகச் சேர்ந்து தேவைக்கு மேல் வீங்கும்.

இந்த ஒவ்வொரு சங்கடத்துக்கும் பணத்தால் பரிகாரம் உண்டு. 1930-ல் மோட்டரோலா ரேடியோ காருக்குள் ஏறியபோது, ஏதோ கேட்கிறது என்பதே பெரிய விஷயம். 1983 மாடல் காடிலாக் போன்ற ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்காக அமர் போஸின் நிறுவனம் அந்தந்தக் காரின் உட்புறத்தை அளந்து, அதற்கென்றே ஒலியைச் சீர்செய்து கொடுத்தது. இன்று டி.எஸ்.பி. சிப், பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கரை ஓரிரு மில்லி செகண்ட் தாமதப்படுத்திப் பாடகரை டாஷ்போர்டின் நடுவுக்குக் கூட்டிவந்துவிடுகிறது. வீங்கிய பாஸை வற்றவைக்கிறது. கதவுத் தகட்டின் உள்பக்கம் டேம்பிங் ஷீட் ஒட்டி அதிர்வை அடக்குகிறார்கள். மெர்சிடீஸ் எஸ் கிளாஸில் வரும் பர்மெஸ்டர் அமைப்பின் உச்ச வகைக்கு 31 ஸ்பீக்கர், 1,750 வாட். 2024 நவம்பரில் மகிந்திரா கொண்டுவந்த மின்சாரக் கார்களின் உயர் வகைகளிலேயே 16 ஸ்பீக்கர் ஹார்மன் கார்டன் கிடைக்கிறது.

இத்தனை உபகரணமும் சேர்ந்து செய்யும் காரியம் ஒன்றே ஒன்று. பாட்டுக்கும் காதுக்கும் நடுவே கார் என்கிற இடைஞ்சலை விலக்குகின்றன. இடைஞ்சல் விலகியபின் மிஞ்சுவது பதிவு. அது நன்றாக இருந்தால் நன்றாகத் தெரியும். கெட்டிருந்தால், கெட்டிருப்பதும் நன்றாகவே தெரியும். புது செட் போட்டபின் பழைய பாட்டெல்லாம் மோசமாகிவிட்டது என்று பலர் வருத்தப்படுவது இதனால்தான். பாட்டு மோசமாகவில்லை. உயர்ந்த அதிர்வெண்களை எழுப்பவே தெரியாத பழைய ஸ்பீக்கரில், அந்த உயரத்தில் ஒன்றுமே இல்லாத எம்.பி.3 கோப்பு குறையாகத் தெரியவில்லை. இரண்டு குறைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு சமாதானமாக இருந்தன. அதில் ஒன்று போய்விட்டது.

ஒலியியல் ஆய்வில் வாழ்நாளைச் செலவிட்ட கனடா நாட்டவர் ஃபிளாய்ட் டூல் இதில் ஒரு விஷச் சுழல் இருப்பதை எடுத்துக் காட்டினார். ஸ்டூடியோவில் பதிவு நன்றாக வந்திருக்கிறதா என்று எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்? அங்கே இருக்கும் ஸ்பீக்கரை வைத்து. வெளியே ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறதா என்று எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்? கையில் இருக்கும் பதிவுகளை வைத்து. ஒன்றை மற்றொன்றால் அளக்கிறோம். இரண்டுக்கும் பொதுவான தராசு கிடையாது. இதை நம் ஊர்க் கடையில் கண்ணால் பார்க்கலாம். வாடிக்கையாளரின் பென் டிரைவ் பாட்டு எடுபட வேண்டும் என்பதற்காகப் பையன் பாஸையும் ட்ரெபிளையும் ஏற்றி, நடுவைப் பள்ளமாக்குவார். பாட்டு துள்ளும், வாடிக்கையாளர் சிரிப்பார். குரலும் வயலினும் வாழ்வது அந்த நடுவில்தான். கெட்ட பதிவுக்குத் தகுந்தபடி வளைத்த செட்டில், மறுநாள் ஒரு நல்ல பதிவைப் போட்டால் பாடகர் பள்ளத்துக்குள் நின்று பாடுவார்.

பதிவு கெட்டுப்போகும் இடங்கள் பல. வீட்டுக்கு மிக அருகில் உள்ளது நம் பென் டிரைவ். சிடியில் ஒரு வினாடி ஒலிக்கு 1,411 கிலோபிட் தகவல் இருக்கிறது. ஒரு காலத்தில் எல்லோரும் இறக்கிக்கொண்ட எம்.பி.3 கோப்புகளில் 128. பதினொன்றில் ஒரு பங்கு. ஜெர்மனியில் அந்த முறையை உருவாக்கிய கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் கூட்டாளிகளும் கண்ணை மூடிக்கொண்டு எதையும் வெட்டவில்லை. உரத்த ஒலி, அதன் அருகில் இருக்கும் மெல்லிய ஒலியைக் காதிலிருந்து மறைத்துவிடும். அப்படி மறைந்துபோவதை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது கணக்கு. சூசன் வேகா பக்கவாத்தியமே இல்லாமல் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பாட்டை வைத்து அந்தக் கணக்கைச் சோதித்துத் திருத்தினார்கள். தனிக்குரலில் தப்பு ஒளிய இடம் கிடையாது. கணக்கில் பிழையில்லை. ஆனால் பிட் அளவைக் குறைக்கக் குறைக்க, மறைந்திருந்ததோடு மறையாததும் போக ஆரம்பிக்கும். சிம்பலின் கூர்மை நனைந்துவிடும். கைதட்டல் வெறும் இரைச்சலாகும். பிறகு யாரோ ஒருவர் அதே 128-ஐ 320 ஆக்கி, ‘ஹை குவாலிட்டி’ என்று பெயரும் சூட்டி ஏற்றிவிடுவார். கோப்பு பருக்கும். போனது வராது. அதைப் போனிலிருந்து புளூடூத்தில் காருக்கு அனுப்பும்போது இன்னொரு சுருக்கல். எல்லா புளூடூத் ஆடியோ கருவியிலும் கட்டாயம் இருக்கும் எஸ்.பி.சி. முறை, வழக்கமான நல்ல நிலையில் எட்டும் அளவு 328 கிலோபிட். ஒரு மூட்டை நெல்லைப் படியால் அளந்து மாற்றும் ஒவ்வொரு தடவையும் சிந்துவதைப் பற்றிக் கவலைப்படாதவர், கடைசிக் கிண்ணத்தை மட்டும் வெள்ளியில் வாங்குகிறார்.

இதாவது கீழே நடக்கும் இழப்பு. நல்ல கோப்பாகத் தேடி வாங்கினால் தீர்ந்துவிடும். தீராத இழப்பு மேலே, பதிவு முடிந்த அறையிலேயே நடந்தது. 1990-களில் டிஜிட்டல் லிமிட்டர்கள் வந்தபின், அடுத்தவர் பாட்டைவிடத் தன் பாட்டு உரக்கக் கேட்க வேண்டும் என்ற போட்டி மும்முரமாயிற்று. மெல்லிய இடங்களை மேலே ஏற்றுவார்கள், உச்சங்களை வெட்டுவார்கள், முழுவதையும் கூரை தொடும் அளவுக்குத் தள்ளுவார்கள். கணினித் திரையில் அப்படிப்பட்ட பாட்டின் அலைப் படத்தைத் திறந்தால், மேடும் மடுவுமாக இருக்க வேண்டியது ஒரே உயரத்தில் மழுங்கிய பட்டையாகத் தெரியும். 2008-ல் வந்த மெட்டாலிகா குழுவின் ‘டெத் மேக்னடிக்’ இதற்குப் பேர்போனது. அதே பாட்டுகள் ‘கிட்டார் ஹீரோ’ என்ற வீடியோ விளையாட்டுக்காகவும் தரப்பட்டன. விளையாட்டில் கேட்டவை அவ்வளவு நசுங்காமல், டிரம் அடிகள் உயிரோடு இருந்ததை ரசிகர்களே கண்டுபிடித்து, தொகுப்பை மறுபடி கலந்து தரச்சொல்லி மனுப் போட்டார்கள். மாஸ்டரிங் செய்தவர், தன் கைக்கு வரும்போதே அது நசுங்கித்தான் வந்தது என்றார். சிடி கொடுத்த 96 டெசிபெல் வீச்சு ஏறக்குறைய முழுவதும் காலியாகக் கிடக்க, பாட்டு அதன் மேல்மூலையில் மூச்சுமுட்டிக் குந்தியிருந்தது. இன்று ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ ஒரே உரப்புக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. சத்தப் போட்டிக்கு அர்த்தமில்லாமல் போயிற்று. ஆனால் அந்தப் போட்டியில் வெட்டுப்பட்ட தலைகள் வெட்டுப்பட்டவைதான்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. நெடுஞ்சாலையில் ஓடும் காருக்குள் டயரும் காற்றும் சேர்ந்து 65, 70 டெசிபெல் இரைச்சல் எழுப்புகின்றன. அதோடு ஏசி ஃபேன். ஆலாபனையின் மெல்லிய தொடக்கம் அதில் முழுகிப்போகும். நசுக்கி ஏற்றிய பாட்டுதான் இரைச்சலுக்கு மேலே தலைகாட்டும். காருக்கு அதுதானே பொருத்தம்? ஓடும் காருக்குப் பொருத்தம்தான். ஆனால் அந்த நசுக்கலைக் காரே செய்துகொள்ளலாம். வேகத்துக்குத் தக்கபடி ஒலியை ஏற்றி இறக்கும் வசதி எத்தனையோ கார்களில் இருக்கிறது. ரயில்வே கேட்டில் நின்று எஞ்சினை அணைத்ததும் விட்டுவிடலாம். கேட்கும் இடத்தில் செய்த மாற்றத்தை ஒரு பொத்தானில் திருப்பலாம். மூலத்தில் செய்ததைத் திருப்புவதற்கு உலகத்தில் பொத்தான் கிடையாது.

காரை மனத்தில் வைத்துப் பதிவு செய்வதே தப்பு என்று இதற்கு அர்த்தம் கொள்ளக் கூடாது. டெட்ராய்ட்டில் லிங்கன்-மெர்குரி கார் தொழிற்சாலையின் அசெம்பிளி லைனில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி, 1959-ல் அதே ஊரில் ஆரம்பித்த கம்பெனிதான் மோடவுன். கார் ரேடியோவில்தான் தன் பாட்டை ஊர் கேட்கப்போகிறது என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஸ்டூடியோவில் கார் ரேடியோ ரகத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்து, கலந்த பாட்டை அதில் போட்டுப் பார்த்தார்கள். ஆனால் அங்கே வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பாஸ் கித்தார் அந்த ஸ்பீக்கரில் முழுசாக ஒலித்திருக்க வழியில்லை; நாடாவில் முழுசாக இருக்கிறது. சின்ன ஸ்பீக்கரில் தேறுகிறதா என்று பார்த்தார்களே தவிர, சின்ன ஸ்பீக்கருக்கு இது போதும் என்று நிறுத்திக்கொள்ளவில்லை. கேட்பவரிடம் இருக்கும் கருவி எளியது என்று நினைப்பது வேறு, கேட்பவரே எளியவர் என்று நினைப்பது வேறு. முதலாவது அக்கறை. சத்தப் போட்டியும், 128-ஐ 320 ஆக்கி ஏற்றிய வேலையும் இரண்டாவதிலிருந்து பிறந்தவை. யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பு.

மூலத்தில் வைத்த அக்கறை என்ன செய்யும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. 1992-ல் ‘ரோஜா’ வந்தபோது பஸ்ஸிலும் டீக்கடையிலும் வீட்டிலும் இருந்தவை அதே பழைய டேப் ரெக்கார்டர்கள்தான். கேசட்டும் அதே நாடாதான். யாரும் புது செட் வாங்கவில்லை. ஆனால் ஏ.ஆர். ரஹ்மான் தன் வீட்டோடு சேர்ந்த ஸ்டூடியோவில் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய ஒலி, தேய்ந்த ஹெட்டும் கிழிந்த ஸ்பீக்கர் கோனும் உள்ள செட்டிலும் வேறாகக் கேட்டது. பாட்டு புதிது என்பது ஒரு பக்கம். ஒலியே புதிது என்று சங்கீதம் தெரியாதவர்களும் சொன்னார்கள். மூலத்தில் செய்த ஒரு நன்மை, ஒரே நாளில் தமிழ்நாட்டிலிருந்த அத்தனை கருவிகளுக்கும் இறங்கியது. கடைசி முனையில் நாம் செய்யும் நன்மையோ, நம் காரின் நான்கு கதவுக்குள் நின்றுவிடுகிறது. தரம் கீழ்நோக்கித்தான் பாயும். பணத்தால் கடைசியிலிருந்து மேலே ஏற முடியாது.

இதைவிட என்னை அதிகம் யோசிக்கவைப்பது இளையராஜாவின் 70, 80-களின் பாடல்கள். ‘பிரியா’ (1978) பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. அந்தக் காலத்தில் அவற்றைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஒற்றை ஸ்பீக்கர் டிரான்சிஸ்டர்காரர்கள். இடமும் வலமும் அவர்களுக்கு ஒன்றுதான். பாஸ் கித்தாரின் அடிநரம்பு 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. உள்ளங்கை அகல ஸ்பீக்கர் அதன் பக்கத்தில்கூடப் போகாது; மேல் இணைச்சுரங்களை வைத்து மூளை ஏதோ ஊகித்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பாட்டுகளில் பாஸ் கித்தார் சும்மா தாளத்துக்குத் துணை போகவில்லை. பல்லவிக்குக் கீழே அது தனியாக இன்னொரு மெட்டு பாடிக்கொண்டு போகிறது; சரணத்தில் குரலோடு எதிர்வாதம் செய்கிறது. மூலநாடாவிலிருந்து ஒழுங்காக எடுத்த பிரதியை இன்று நல்ல சப்வூஃபர் உள்ள காரில் போட்டால், முப்பது வருடம் கேட்டு மனப்பாடமான பாட்டுக்குக் கீழே ஒரு புதுப் பாட்டு இருக்கிறது. நாட்டில் கோடிப் பேரிடம் அதை எழுப்பக்கூடிய கருவி இல்லாத காலத்தில் ஒருவர் அதை எழுதினார், ஒருவர் ஒரு சுரம் பிசகாமல் வாசித்தார், ஒருவர் மைக் வைத்துப் பிடித்தார். விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், சம்பளமும் குறைந்திருக்காது.

மூலத்திலேயே பிழை நேர்ந்த கதையும் ஒன்று உண்டு. நியூயார்க்கில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் ஒரு பழைய தேவாலயத்தை ஸ்டூடியோவாக வைத்திருந்தது. 1959 மார்ச் 2 அன்று ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழு அங்கே ‘கைண்ட் ஆஃப் புளூ’வின் முதல் பகுதியைப் பதிவு செய்தது. அன்று மூன்று டிராக் இயந்திரம் ஒன்று சற்று மெதுவாக ஓடியது. அதனால் இசைத்தட்டின் முதல் பக்கம் முழுவதும் சுருதி ஒரு இழை கூடியே வெளிவந்தது. முப்பது வருடத்துக்கு மேல், எத்தனை விலை உயர்ந்த கருவியில் கேட்டவருக்கும் அந்தப் பிழைதான் பாட்டு. ஒரு ஆம்ப்ளிஃபையராலும் அதைத் திருத்த முடியவில்லை. 1990-களில்தான் திருத்தினார்கள். எதை வைத்து? அதே நாளில், அதே அறையில், பாதுகாப்புக்காக இன்னோர் இயந்திரத்திலும் பதிவு ஓடியிருந்தது. அது சரியான வேகத்தில் ஓடியிருந்தது. குறை பிறந்த இடத்தில்தான் மருந்தும் இருந்தது. வேண்டியிருக்காது என்று அன்று அந்த இரண்டாவது இயந்திரத்தை நிறுத்தியிருந்தால் எந்தக் காலத்திலும் வழியில்லை.

இவ்வளவும் சொன்னபின், இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நல்ல செட் வாங்கியவர்களில் சிலர் மெல்ல மெல்ல நல்ல பதிவுகளை மட்டுமே கேட்க ஆரம்பிக்கிறார்கள். பிடித்த பாட்டைக் கேட்கச் செட் வாங்கியவர், செட்டுக்குப் பிடித்த பாட்டைத் தேடுகிறார். நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி 78 சுழற்சி இசைத்தட்டில் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம். ஆரம்பம் முதல் முடிவு வரை ஊசி உரசும் சத்தம். லட்ச ரூபாய் செட்டில் அந்த உரசலும் லட்ச ரூபாய்க்குக் கேட்கும். அதற்காக அதை ஒதுக்குகிறவர் எதை இழக்கிறார் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்துப் பதிவுக்காரருக்கு ஒலியை ஏற்றி இறக்கிக் கலக்க வசதி குறைவு. வாசிப்பவரை மைக்குக்குக் கிட்டேயும் எட்டேயும் உட்காரவைத்துத்தான் சமன் செய்தார்கள். கையிலிருந்ததைக் கொண்டு முடிந்த அளவு உண்மையாகப் பிடித்தார்கள். அந்தப் பதிவில் இருப்பது எல்லை, அலட்சியம் இல்லை. நம் காலத்து மென்பொருள் ஒன்று இரைச்சலைத் துடைக்கிறேன் என்று புகுந்து, இரைச்சலோடு சீவாளியின் கரகரப்பையும் மூச்சு வாங்கும் இடத்தையும் துடைத்துவிடுகிறதே, அதுதான் அலட்சியம். தெளிவான செட்டின் உண்மையான பயன் இங்கேதான். எது காலத்தின் குறை, எது கையின் குறை என்று பிரித்துக் காட்டுகிறது. முதலாவதைப் பொறுத்துக்கொள்ளக் காது சீக்கிரமே பழகிவிடும். இரண்டாவதைக் கேட்கக் கேட்கத் தாங்காது.

ஆகவே பதிவின் தரத்தைக் கிலோபிட் கணக்கில் மட்டும் அளந்தால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி, அதைச் செய்தவர் கேட்பவரை எவ்வளவு மதித்தார் என்பதில் இருக்கிறது. அந்தக் கேட்பவர் எதிரே இல்லை. பல சமயம் பிறக்கவேயில்லை. அவர் கையில் என்ன கருவி இருக்கும் என்று தெரியாது. அவரால் பாராட்டவும் முடியாது, திட்டவும் முடியாது. அப்படிப்பட்டவருக்காக ஒருவர் மைக்கை நாலு அங்குலம் நகர்த்திவைத்து, இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லி, இன்னோர் இயந்திரத்தையும் ஓடவிட்ட உழைப்பு, அன்றைய காதுகளுக்கு எட்டாமலே நாடாவில் தங்கியது. அதைக் கேட்கும் கருவி பின்னால் வந்தது. கருவி முன்னேற முன்னேற, பழைய அக்கறைக்கு மதிப்புக் கூடுகிறது. பழைய அலட்சியம் அம்பலமாகிறது.

இது ஸ்டூடியோக்காரர்களுக்கு மட்டுமான பாடம் என்று விட்டுவிட முடியாது. இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு மைக் இருக்கிறது. பாட்டியின் தாலாட்டை, தாத்தா சொல்லும் ஊர்க் கதையை, கிராமத்து ஒப்பாரியைப் போனில் பிடிக்கிறோம். அப்போது நாம்தான் மூலம். ஃபேனை இரண்டு நிமிடம் நிறுத்தலாம். போனை மேசையில் வைக்காமல் அவர் வாயருகே பிடிக்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிய பிரதியைக் காப்பியாக வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடாமல் இருக்கலாம். நம்மிடம் இருக்கும் ஸ்பீக்கருக்கு இது போதும் என்று பிடித்தால், அந்த ஸ்பீக்கரோடு அதன் ஆயுள் முடிந்தது. நாளைக்கு எதில் கேட்பார்கள், யார் கேட்பார்கள் என்பது நம் கையில் இல்லை. தெரியாத அந்த ஒருவருக்குக் குறை வைக்காமல் செய்வதற்குப் பெயர்தான் தரம். அதை முதலில் சட்டியில் போட்டுவிட்டால், அகப்பையைப் பின்னால் வருகிறவர்கள் செய்துகொள்வார்கள்.